கழுத்தணியும் கதையும்

மனித உடம்பில் அணி பூணுதற்குரிய இடங்கள் பல. காதுக்குத் தோடு, மூக்குக்கு மூக்குத்தி, கைக்கு வளை, காலுக்குச் சிலம்பு என்று நம் முன்னோர் ஒவ்வோர் உறுப்புக்கும் ஓர் அணி வகுத்தனர். ஆயினும் கழுத்துக்கு உள்ள பொருள் மற்றோர் உறுப்புக்கு இல்லை. வெற்றி பெற்றவனுக்கு மாலை விழுவது கழுத்தில். மாட்டுக்கு நுகம் ஏறுவது கழுத்தில். குற்றவாளிக்குக் கயிறு இறங்குவதும் அதே கழுத்தில். பெருமையும் அடிமையும் சாவும் ஓரிடத்தையே தேடி வருகின்றன. ஆதலாற்றான் உலகின் பல நாடுகளில் ஒருவனுடைய அல்லது ஒருத்தியுடைய நிலை இன்னதென்று காட்டும் அடையாளத்தைக் கழுத்திலே பூட்டினர் போலும்.

அவ்வடையாளங்களுள் இரண்டினை ஈண்டு எடுத்துக்கொள்வோம். ஒன்று, மேலை நாட்டுக் கெல்டியர் பூண்ட பொன் வளையம். மற்றொன்று, நம் பெண்டிர் பூணும் தாலி. இரண்டும் பழையவை; இரண்டின்மேலும் கதைக்காரர்கள் கை வைத்திருக்கின்றனர். அணியைச் செய்பவன் பொற்கொல்லன். அதற்குப் பொருள் செய்பவன் கதை சொல்லுபவன். பொற்கொல்லன் கலந்த செம்பை உரைகல் காட்டிக் கொடுத்துவிடும். கதைக்காரன் கலந்ததைக் காட்டும் உரைகல் எது? இதுவே இக்கட்டுரையின் கேள்வி.

கெல்டியர் காறை

யான் இளமையிற் சிங்கப்பூரில் மாமன் வீட்டில் தங்கி ஆங்கிலப் பள்ளியிற் பயின்றவன். இப்பொழுது ஜொகூரில் ஒரு செம்பனைத் தோட்டத்தில் கிராணி வேலை பார்க்கிறேன். அந்நாளில் எனக்குக் கிடைத்த கதைப் புத்தகங்களிற் பெரும்பாலன பிரிட்டன் தேசத்துப் பழங்கதைகள். ஆதலின், கரிகாலன் பெயரை அறியுமுன்னரே பூடிக்கா என்னும் அரசியின் பெயரை அறிந்தேன். அவள் கழுத்திற் கிடந்த பொன் வளையமும் அப்போதே என் நெஞ்சிற் பதிந்தது.

கெல்டியர் என்போர் பண்டைக் காலத்தில் ஐரோப்பாவின் பெரும்பகுதியிலும் பிரிட்டனிலும் பரவி வாழ்ந்த மக்கள். அவர்களுடைய தலைவரும் வீரரும் கழுத்திற் பூண்ட கெட்டியான வளையத்தை ஆங்கிலத்தில் ‘டார்க்’ என்பர். முறுக்குதல் என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்த பெயர் அது. பொற்கம்பிகளைக் கயிறுபோல் முறுக்கி, வட்டமாக வளைத்து, முன்புறம் சிறிது இடைவெளி விட்டு, இரு முனைகளிலும் குமிழ் வைத்து முடிப்பர். நம்மிடத்தும் இதற்கு நிகரான அணி உண்டு. சங்கிலிபோல் துவளாது கழுத்தைச் சுற்றி விறைப்பாய் நிற்கும் வளையத்திற்குக் காறை என்பது பெயர். அணி வழக்கொழிந்தும் பெயர் ஒழியவில்லை. அது படிந்து கிடந்த எலும்பை இன்றும் காறை எலும்பு என்றே வழங்குகிறோம். ஆகவே டார்க்கினை நாம் கெல்டியர் காறை என்றே சொல்லலாம்.

இங்கிலாந்தில் நார்போக் மாவட்டத்து ஸ்நெட்டிஷாம் என்னும் ஊரில் 1948ஆம் ஆண்டில் வயலை ஆழ உழுதபொழுது இத்தகைய காறைகள் வெளிப்பட்டன. 1950ஆம் ஆண்டில் கிடைத்த ஒன்று எல்லாவற்றிலும் சிறந்தது. அறுபத்துநான்கு கம்பிகளை எட்டெட்டாக முறுக்கி எட்டுப் புரிகளாக்கி, அவ்வெட்டுப் புரிகளையும் மீண்டும் ஒன்றாக முறுக்கிச் செய்தது. நிறை ஒரு கிலோவுக்குச் சற்று மேல். ஏறக்குறைய இரண்டாயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முற்பட்ட அப்பொருள் இப்பொழுது இலண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அதன் பொருள் யாது? பூண்டவனுக்கு ஒரு பொருள். பறித்தவனுக்கு வேறொரு பொருள். உரோமாபுரியிற் கேப்பிடோலின் காட்சிசாலையில் ‘சாகும் காலியன்’ என்னும் சலவைக்கற் சிலை இருக்கிறது. காயம்பட்டு நிலத்திற் சாய்ந்திருக்கும் கெல்டிய வீரன் அவன். உடம்பில் ஆடையில்லை, கழுத்திற் காறை மட்டும் இருக்கிறது. ஆடையின்றி நிற்கினும் காறையின்றி நில்லான் என்பது சிற்பியின் கருத்துப் போலும். அக்காறையே உரோமனுக்குக் கொள்ளைப் பொருள். கி.மு. 361இல் டைட்டஸ் மான்லியஸ் என்னும் உரோமன் ஒரு கெல்டியனைத் தனிப்போரிற் கொன்று, இரத்தம் தோய்ந்த காறையைக் கழற்றித் தன் கழுத்திற் பூண்டுகொண்டான் என்று உரோம வரலாற்று ஆசிரியர் எழுதி வைத்தனர். அன்றுமுதல் அவன் குடும்பத்துக்கே ‘காறையன்’ என்று பொருள்படும் டார்க்வாட்டஸ் என்னும் பட்டம் நின்றது. ஒருவன் மானம் மற்றொருவன் குடிப்பெயர் ஆயிற்று!

இனிப் பூடிக்கா. நார்போக் பகுதியில் வாழ்ந்த ஐசீனியர் குலத்து அரசி. கணவன் இறந்ததும் உரோம அதிகாரிகள் நாட்டைப் பிடுங்கி, அவளைச் சவுக்கால் அடித்து, அவள் புதல்வியர் இருவரையும் கற்பழித்தனர். அவள் பல குலத்தாரையும் திரட்டிக் கி.பி. 60, 61ஆம் ஆண்டுகளில் எழுச்சி செய்தாள், இலண்டன் உட்பட மூன்று நகரங்களைக் கொளுத்தினாள், இறுதியில் தோற்றாள். அவளது கழுத்திற் பெரிய பொன் வளையம் கிடந்ததென்று எழுதியவர் காசியஸ் டியோ. அவர் அவளுக்கு ஒரு நூற்றாண்டுக்குப் பின்னர்ப் பிறந்தவர். அவளுக்குக் காலத்தால் நெருங்கிய டாசிட்டஸ் என்னும் ஆசிரியரோ அவள் கழுத்தைப் பற்றி ஒன்றும் கூறவில்லை.

ஆயினும் கதை எழுதுவோர்க்கு டியோவின் அவ்வொரு வரி போதுமானதாயிற்று. 1893இல் ஹென்டி என்பார் இவ்வெழுச்சியைச் சிறுவர் புதினமாக எழுதினார். 1902இல் இலண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் பாலத்தருகே அவளுக்குத் தேரோடு கூடிய சிலை எழுந்தது. அதன் பீடத்தில், அவள் வழித்தோன்றல்கள் ஆளப்போகும் பேரரசைப் புகழும் கவிஞர் கூப்பரின் அடிகள் பொறிக்கப்பட்டன. விந்தையைக் கவனியுங்கள். பேரரசை எதிர்த்து அழிந்தவள் பேரரசின் தாயாகிவிட்டாள்! அப்பேரரசே சிங்கப்பூரிற் கொடி நாட்டியது. அதுவே ரப்பர்த் தோட்டங்களில் நம் மூதாதையரை நிரை பிடித்து நிறுத்தியது. சவுக்கடிபட்ட பெண்ணின் கதையை, சவுக்குப் பிடித்தவர்கள் தம் பிள்ளைகளுக்கு வீரக்கதையாகச் சொல்லினர். 1978இல் ரோஸ்மேரி சட்கிளிப் எழுதிய புதினத்திலோ அவள் தன் குலத்தின் இழப்பைச் சுமக்கும் துயர அரசியாகிறாள். கதையின் காலம் மாறவில்லை. கதைக்காரரின் காலம் மாறிவிட்டது.

நம் கழுத்தில்

அயலான் வீட்டில் உரைத்துப் பார்த்தோம். இனி நம் வீட்டுப் பொன்னை உரைப்போம்.

தாலி என்னும் சொல் சங்க நூல்களில் உண்டு. ஆனால் அஃது அங்கே யார் கழுத்திற் கிடக்கிறது? பிள்ளைகளின் கழுத்தில். புறநானூற்று 374ஆம் பாட்டிலும் குறுந்தொகை 161ஆம் பாட்டிலும் புலிப்பல் கோத்த தாலி வருகிறது, பூண்டவர் சிறுவர். தீங்கு அணுகாதிருக்கத் தாய் கட்டிய காப்பு அது. புறநானூற்று 77ஆம் பாட்டில் இடைக்குன்றூர் கிழார் தலையாலங்கானத்துச் செருவென்ற நெடுஞ்செழியனைப் பாடுகிறார். காலிற் கிண்கிணியைக் கழற்றி வீரக்கழல் கட்டிக்கொண்டு போர்க்களம் புகுந்த அவ்விளைஞன் தாலியை இன்னும் களையவில்லையாம்! திருமாலின் சங்கு, சக்கரம், தண்டு, வாள், வில் என்னும் ஐந்து படைகளின் உருவம் வைத்துச் செய்த ஐம்படைத் தாலி என்று அதற்கு உரை கூறுவர். தாலி பூண்டவன் பாண்டிய மன்னன். ஆண்மகன்!

சங்ககாலத்து மணத்தைக் கண்டு வந்தவர்போல் விரித்துச் சொல்லும் பாட்டுகள் அகநானூற்றில் இரண்டு உண்டு: 86ஆவதும் 136ஆவதும். பந்தர் இட்டதும், மணல் பரப்பியதும், நல்ல நாள் பார்த்ததும், புதல்வரைப் பெற்ற மகளிர் மணமகளை நீராட்டி வாழ்த்தியதும், உறவினர் உண்டு களித்ததும் அவற்றில் வருகின்றன. தாலி கட்டியதாக ஒரு சொல்லும் இல்லை. சிலப்பதிகாரத்தில் ‘மங்கல அணி’ என்னும் தொடர் வருகிறது. அது தாலியே என்பாரும், அன்று என்பாரும் உளர். ஆண்டாள் நாச்சியார் தான் கண்ட திருமணக் கனவைப் பாடும் பதிகத்திற் கைப்பிடித்தலும் தீவலம் வருதலும் அம்மி மிதித்தலும் பொரி இடுதலும் வரிசையாக வருகின்றன, தாலி வரவில்லை.

பதினோராம் நூற்றாண்டின் தொடக்கத்திலே தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டுகளில், இறைவிக்கு அளித்த நகைகளிடையே தாலி என்னும் பெயர் காணப்படுகிறது. பன்னிரண்டாம் நூற்றாண்டுச் சேக்கிழாரோ குங்குலியக் கலய நாயனாரின் மனைவியார் வீட்டில் அரிசியின்றித் தம் தாலியைக் கழற்றிக் கொடுத்து நெல் வாங்கி வரச் சொன்ன வரலாற்றைப் பாடுகிறார். அப்போது தாலி மனைவியின் கழுத்துக்கு வந்து நிலைத்துவிட்டது என்பது தெளிவு.

இச்சான்றுகளைக் கொண்டு நம் அறிஞர் மாறுபட்டு வாதிட்டனர். 1954ஆம் ஆண்டில் தமிழர் மணத்தில் தாலி பண்டைக்காலத்து இல்லை என்று கண்ணதாசனும், உண்டு என்று ம.பொ. சிவஞானமும் எதிரெதிர் நின்றனர். வரலாற்றறிஞர் மா. இராசமாணிக்கனார் பழந்தமிழர் மணத்தில் தாலி இல்லையென்னும் பக்கம் நின்றார். யான் தீர்ப்புக் கூற வந்தேனல்லேன். ஒன்றுமட்டும் சொல்வேன்: தாலி என்னும் சொல் பழையது, மனைவியின் கழுத்தில் அதைக் கண்ட தெளிவான சான்று பிற்காலத்தது. காப்பாக வந்த அணி, காலப்போக்கில் உடைமைக் குறியாக மாறியிருக்கிறது.

சிவகாமியின் கழுத்து

கல்கி அவர்களின் ‘சிவகாமியின் சபதம்’ அவருடைய வார இதழில் 1944ஆம் ஆண்டு தொடங்கித் தொடர்கதையாக வந்தது. ஏழாம் நூற்றாண்டுக் கதை. நரசிம்ம பல்லவனாகிய மாமல்லனும் சிற்பி மகள் சிவகாமியும் காதலித்தனர். அவள் வாதாபிக்குச் சிறைப்பட்டுப் போனாள். அந்நகரை எரித்து மீட்டால் அன்றி வரேன் என்று சூளுரைத்தாள். நகரம் எரிந்தது, அவள் மீண்டாள், மாமல்லனோ அதற்குள் பாண்டிய இளவரசியை மணந்திருந்தான். முடிவிற் சிவகாமி காஞ்சி ஏகாம்பரநாதரையே நாயகனாகக் கொண்டு, அவர் சந்நிதியில் திருமாங்கல்யம் பூண்டு ஆடுகிறாள். கண்ணீர் விடாது அவ்விடத்தைப் படித்தவர் அரியர்.

கதையின் அழகில் எனக்கு ஐயமில்லை. மேலே கண்ட சான்றுகளை நோக்கின், ஏழாம் நூற்றாண்டுப் பெண்ணின் கழுத்தில் அந்த மாங்கல்யம் இருந்திருக்குமா என்பதே ஐயம். ஆசிரியர் தம் காலத்து அணியை எடுத்து ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முற்பட்ட கழுத்திற் பூட்டினார். ‘கதைதானே, பிழை என்ன?’ என்று கேட்கலாம். நகை பிற்காலத்ததாயிருப்பதைவிட, அது கொண்டுவரும் பொருள்தான் எண்ணத்தக்கது.

கல்கி அதனை எழுதிய நாட்களிற் கோயிலுக்குப் பொட்டுக் கட்டப்பட்ட பெண்கள் தமிழ்நாட்டில் ஏராளமாக இருந்தனர். கோயிலின் பெயரால் அவர்கள் கழுத்தில் ஏறியதும் தாலியே. அந்தத் தாலி அவர்களுக்கு எதைத் தந்தது? டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவர்கள் சென்னைச் சட்டமன்றத்தில் அவ்வழக்கத்தை ஒழிக்கப் போராடினார். அக்குலத்தின் துன்பத்தை நேரிற் கண்ட மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் 1936இல் ‘தாசிகள் மோசவலை’ என்னும் புதினத்தை வெளியிட்டு, பொட்டுக் கட்டுதலின் உள்ளே கிடக்கும் வாணிபத்தை உடைத்துக் காட்டினார். 1947இல் சென்னை மாகாணத்திற் பொட்டுக் கட்டுதல் சட்டத்தால் தடுக்கப்பட்டது.

இரண்டு புதினங்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள். ஒன்றில் இறைவனுக்குக் கட்டிய தாலி மோட்சம். மற்றொன்றில் அதே தாலி விலங்கு. முதலாவதைப் படித்தவர் இலட்சக்கணக்கினர். இரண்டாவதைப் படித்தவர் மிகச் சிலர். பூடிக்காவின் காறைக்கு நேர்ந்ததும் இதுவே. எந்தக் கதை மிகுதியாகப் படிக்கப்படுகிறதோ, அந்தக் கதையின் பொருளே அணியின் பொருளாகி நிற்கிறது. வரலாற்றுப் புதினம் பழைமையைக் காட்டுவதாகச் சொல்லிக்கொண்டு, நிகழ்காலத்து வழக்கத்துக்குத் தொன்மையென்னும் முலாம் பூசிவிடுகிறது. என்றும் இருந்தது என்று நம்பப்பட்ட ஒன்றை மாற்ற யாருக்குத்தான் துணிவு வரும்?

சிராங்கூன் சாலையில்

பழங்கதையை விட்டு இக்காலத்துக்கு வருவோம். சென்ற ஆண்டு என் தங்கையின் திருமணத்துக்குத் தாலி செய்ய ஜொகூர்ப் பாலம் கடந்து சிங்கப்பூர் வந்தோம். ஜொகூரிலும் நகைக்கடைகள் உண்டு. ஆயினும் தாலிக்குச் சிராங்கூன் சாலைக்கே வருவது எங்கள் தோட்டத்துப் பெரியவர்களின் பழக்கம். ஒரு கடையில் ஏறினோம். கண்ணாடிப் பெட்டிக்குள் 916 தங்கம் விளக்கொளியில் மின்னிற்று. கடைக்காரர் மரியாதையாக நாற்காலி போட்டார். குடிக்கத் தேநீர் தந்தார். பின்னர், “ஐயா, உங்களுக்கு எந்தத் தாலி?” என்றார்.

எளிய கேள்வி. ஆனால் அதன் உள்ளே மற்றொரு கேள்வி இருந்தது. பொட்டுத் தாலி, சிறுதாலி, பெருந்தாலி என்று வகை பல. ஒவ்வொரு வகையும் ஒவ்வொரு சாதியாரோடு சேர்த்து எண்ணப்படுவது. எங்கள் தோட்டத்தில் எவரும் எவரையும் நேரே சாதி கேட்பதில்லை. பிள்ளைகளிற் பலர்க்குத் தம் சாதிப் பெயரே தெரியாது. நாக்கு மறந்ததை நகைக்கடைத் தட்டு மறவாது வைத்திருக்கிறது!

என் தங்கை சற்றுநேரம் தட்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு என்னிடம் மெல்லச் சொன்னாள்: “அண்ணா, எதைப் பார்த்தாலும் நாம் இன்னார் என்று எவருக்கும் தெரியாத தாலி ஒன்று கேளுங்கள்.”

கடைக்காரர் சிறிது திகைத்தார். பிறகு வாடிக்கைக்காரரை இழக்க மனமின்றிப் பத்தரை அழைத்தார். உருவம் ஏதுமின்றி, இரு சிறு இலைகள் ஒன்றையொன்று தொட்டாற்போல் ஒரு வில்லை செய்து தருவதாக ஒப்புக்கொண்டார் பத்தர். உடன் வந்த எங்கள் பெரியப்பா, “தாலியில் அடையாளம் இல்லையென்றால் அது தாலியா? வெறும் டாலர்” என்று கோபித்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார். திருமணத்துக்கு வந்தார்; வாழ்த்தினார்; கோபம் மட்டும் இன்னும் தீரவில்லை. அவரை நான் குறை கூறேன். அடையாளம் காட்டுதற்கென்றே கழுத்தணி பிறந்தது என்று அவர் நம்புகிறார். கெல்டியனும் அதையேதான் நம்பினான்.

அடையாளம் முழுவதும் இழிந்தது என்பதும் என் கருத்தன்று. நாட்டுக்கோட்டை நகரத்தாரின் கழுத்துருவை நோக்குங்கள். பொன்னுருக்கள் பலவற்றை மஞ்சள் பூசிய இருபத்தோரிழைக் கயிற்றிற் கோத்துச் செய்யும் பேரணி அது. மணநாளிலும் மணிவிழாவிலுமே கழுத்தில் ஏறும். சிங்கப்பூர் மார்க்கெட் தெருக் கிட்டங்கிகளில் வட்டித் தொழில் செய்து, 1859இல் தேங்க் ரோட்டிலே தண்டாயுதபாணிக்குக் கோயில் எடுத்த மரபினரின் கைத்திறமும் செல்வமும் அதில் ஒருங்கே தெரியும். ஸ்நெட்டிஷாம் காறையின் அறுபத்துநான்கு கம்பிகளை முறுக்கியவனும், இருபத்தோரிழையைத் திரித்தவனும் ஒரே உழைப்பின் உறவினர். கைத்திறனைப் போற்றுவோம். அது எதற்கு முத்திரையாகிறது என்பதையும் கேட்போம்.

சட்டமோ இக்கேள்வியைக் கடந்து சென்றுவிட்டது. சுயமரியாதைத் திருமணங்கள் 1920களின் இறுதியில் தமிழ்நாட்டில் தொடங்கின. அண்ணாதுரை அமைச்சரவை 1967இல் இயற்றிய சட்டம், மாலை மாற்றினும், மோதிரம் அணிவிப்பினும், தாலி கட்டினும், இவற்றுள் எதனாலும் மணம் செல்லும் என்றது. சிங்கப்பூரில் 1961ஆம் ஆண்டு மாதர் சாசனம், முஸ்லிம் அல்லாதார் மணங்களுக்கெல்லாம் பதிவைக் கட்டாயமாக்கி, ஒருவனுக்கு ஒருத்தி என்பதை நிலைநாட்டிற்று. மலேசியாவில் அத்தகைய சட்டம் 1982 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்னர்த் தோட்டத்துப் பெண்ணொருத்தி தான் மனைவி என்று மெய்ப்பிக்க வேண்டுமானால் அவள் கையிற் பெரும்பாலும் தாள் இல்லை; கழுத்திற் கயிறு இருந்தது. கணவன் மற்றொருத்தியைக் கூட்டி வந்தால் கழுத்துக்கயிறு வாய் திறந்து பேசவில்லை. ஆதலால், தாலியைக் காட்டிலும் பதிவுத்தாளே பெண்ணுக்குச் சிறந்த காப்பு என்று நம் பெண்களுக்குச் சொல்லுதல் நம் கடமை.

எழுதப்படாத கழுத்துகள்

1943 ஜூலையில் நேதாஜி சுபாஷ் சந்திரபோஸ் சிங்கப்பூர் வந்து இந்திய தேசிய இராணுவத்தின் தலைமை ஏற்றார். அவர் பொருள் வேண்டியபொழுது மகளிர் தம் நகைகளைக் கழற்றிக் கொடுத்தனர். தாலியையே கொடுத்தவரும் உண்டென்று அக்காலத்தவர் நினைவு கூர்ந்திருக்கின்றனர். அவ்வாண்டு அக்டோபர் 21ஆம் நாள் கேத்தே அரங்கில் சுதந்திர இந்தியத் தற்காலிக அரசு அறிவிக்கப்பட்டது. அதே அக்டோபர் மாதத்திற் சயாமையும் பர்மாவையும் இணைத்து ஜப்பானியர் போட்ட 415 கிலோமீட்டர் இரயில்பாதையும் முடிவடைந்தது. அப்பாதைக்கென்று மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழரிற் பல்லாயிரவர் திரும்பவில்லை.

என் பாட்டனாரின் தந்தை அவ்வாறு போனவர். அவர் மனைவி, எங்கள் பூட்டி, அப்போது கைக்குழந்தைக்காரி. ஜப்பான்காரன் காலத்து மரவள்ளிக்கிழங்குப் பஞ்சத்தில் தாலிப் பொன்னை விற்றுப் பிள்ளைகளுக்கு அரிசி வாங்கினாராம். கயிற்றில் ஒரு மஞ்சள் துண்டைக் கட்டிக்கொண்டாராம். போர் முடிந்தது. போனவர்களிற் சிலர் வந்தனர், அவர் வரவில்லை. இறந்தார் என்ற செய்தியும் வரவில்லை. அக்கயிற்றை அறுப்பதா, வைப்பதா என்று லயத்துப் பெண்கள் ஒவ்வொரு கலியாண வீட்டிலும் தங்களுக்குள் வழக்காடினர். அவரை முன்வரிசையில் நிறுத்தலாமா, கூடாதா என்பது அவர்களுக்குப் பெரிய சங்கடம். அவரோ கயிறு நைந்தபோதெல்லாம் புதுக்கயிறு மாற்றிக்கொண்டார். 1970களில் அவர் காலமாகும்வரை அது கழுத்தில் இருந்தது என்று என் தந்தையார் சொல்லக் கேட்டிருக்கிறேன். ஏன் வைத்திருந்தார் என்று கேட்டால், “நானா அறுக்கணும்? யாராச்சும் வந்து சொல்லட்டும்” என்பாராம்.

அந்த மஞ்சட்கயிறு உடைமைக் குறியா? அடிமைக் குறியா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஓர் அரசாங்கமும் ஒரு தோட்டத்து நிர்வாகமும் தர மறுத்த கணக்கை, ஒரு தனிப்பெண் முப்பது ஆண்டு தன் கழுத்திலே எழுதி வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். எத்தனை பேர் போனார்கள், அவர்களுக்கு என்ன நேர்ந்தது என்பதே அக்கணக்கு. சாகும் காலியன் கழுத்துக் காறைக்கு நிகரான கழுத்தணி ஒன்று நம்மிடம் உண்டென்றால் அது இதுவே.

இத்தகைய கழுத்துகளை நம் வரலாற்றுப் புதினங்கள் போதிய அளவு எழுதவில்லை. ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண இரயில்’, அ. ரெங்கசாமியின் ‘நினைவுச் சின்னம்’ போன்ற சில நூல்கள் அவ்வழியைத் திறந்திருக்கின்றன. ஆயினும் நம் வாசகரிற் பெரும்பாலோர் வரலாற்றுப் புதினம் என்றால் அரண்மனையையே எண்ணுகின்றனர். இளவரசியின் முத்தாரம் நமக்கு மனப்பாடம். லயத்துப் பெண்ணின் மஞ்சட்கயிறு நமக்குத் தெரியாது. பூடிக்காவின் வரலாற்றை வென்றவர்கள் எழுதினர். பின்னர் அவளைத் தம் மூதாட்டியாக்கிக்கொண்டவர்கள் எழுதினர். நம் மூதாட்டியரின் வரலாற்றையும் நாம் எழுதாது விட்டால், பிறர் தம் விருப்பப்படி எழுதுவர். அன்றி ஒருவரும் எழுதார்.

நேயர்களே! கதைக்காரன் கலந்ததைக் காட்டும் உரைகல் எது என்று தொடக்கத்திற் கேட்டேன். வாசகனின் கேள்வியே அவ்வுரைகல். வரலாற்றுப் புதினத்தில் ஒரு நகை வந்தால், இஃது அக்காலத்தில் இருந்ததா, இதனைப் பூண்டவருக்கு இதன் பொருள் யாது, இப்பொருளை இப்பொழுது நமக்குச் சொல்லுபவர் யார் என்று மூன்று கேள்விகள் கேட்டுப் பழகுவோம். தாலி வேண்டும் என்னும் பெண்ணை நகைப்பதும் வேண்டா. வேண்டாம் என்னும் பெண்ணை வைவதும் வேண்டா. என் தங்கை ஒருவிதமாகத் தேர்ந்தாள். எங்கள் பூட்டி ஒருவிதமாகத் தேர்ந்தார். கழுத்து அவரவருடையது. அதில் எது கிடக்கவேண்டும் என்பதை முதலிற் சொல்லவேண்டியவரும் அக்கழுத்துக்கு உரியவரே.